ரப்பர் பால் உறையும் கணக்கு: புதிதாக ஷீட் அடிக்கத் தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் மழைக்காலத்தில் ரப்பர் தோட்ட ஓரமாக நடந்தால் ஒரு புளித்த வாடை மூக்கில் ஏறும். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையில் தங்கிய பாலைப் பாக்டீரியா தின்று, புளிக்க வைத்து, கட்டியாக்கும்போது எழும் வாடை அது. புதிதாக ஷீட் (பாலை உறைய வைத்து, ரோலரில் விட்டு, காய வைத்த ரப்பர் தகடு) அடிக்க இறங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியதும் இதைத்தான்: ரப்பர் பால் எப்படியும் உறையும். நீங்கள் உறைய வைத்தால் ஷீட்; உங்களுக்கு முன்னே பாக்டீரியா உறைய வைத்துவிட்டால் ஒட்டுப்பால். கடையில் இரண்டுக்கும் ஒரே விலை கிடையாது.

அப்பா, தாத்தா காலத்துத் தோட்டம் கைக்கு வந்தும், பால் வெட்டுக்கு ஆள் இருந்தும், ஷீட் வேலை மட்டும் தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏன் அந்த அளவு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். காரணம் தெரிந்தால்தான் ஒரு நாள் தவறும்போது எங்கே தவறியது என்று பிடிக்க முடியும்.

பாலுக்குள் என்ன இருக்கிறது

மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு கொஞ்சம் புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள். ரப்பர் கரைந்து கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. அந்த உறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. பால் பாலாக இருப்பது இந்தத் தள்ளுமுள்ளால்தான்.

அமிலம் சேர்த்தால் அந்த மின்னூட்டம் அடங்கும். பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.7-ஐ ஒட்டி வரும்போது தள்ள விசை இல்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் பசும்பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிவதும் இதே கதை. பசும்பாலின் கேசீன் புரதம் திரியும் இடம் பி.எச். 4.6. மாட்டுக்கும் மரத்துக்கும் இவ்வளவு நெருங்கிய எண் அமைந்தது ஒரு வேடிக்கை.

பாக்டீரியா செய்வதும் அமிலம் சேர்ப்பதுதான். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விடுகிறது, பி.எச். இறங்குகிறது, பால் தானாகக் கட்டியாகிறது. அதனால் இந்த வேலையைப் பிரித்துப் பார்த்தால் மூன்றே காரியம்: நீங்கள் ஆசிட் ஊற்றும்வரை பாக்டீரியாவை அடக்கி வைப்பது, ஆசிட்டை அளந்து ஊற்றுவது, ஊற்றியபின் ஷீட் காயும்வரை மறுபடியும் பாக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் அடக்குவது.

காலை வேலை

மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வெட்டு விடியலுக்கு முன்போ விடியலோடோ முடிவது நல்லது. வெயில் ஏறினால் இலை வழியாக மரம் தண்ணீரை இழக்கும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பாலும் குறையும். வெட்டுக்குப் போகுமுன் சிரட்டையில் ஒட்டிக் கிடக்கும் பழைய பால்தோலை உரித்து எடுத்துத் தனிப் பையில் போட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விடுபவர்கள்தான் அதிகம். பழைய பால்தோல் என்பது நேற்றைய பாக்டீரியாவின் உறைமோர். தயிருக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, இன்றைய பாலுக்கு அதுவே உறை குத்திவிடும்.

பால் எடுக்கும் வாளியும் சுத்தமாக இருக்க வேண்டும். அலுமினியம், எவர்சில்வர், பிளாஸ்டிக் எதுவும் சரி. செம்பு, பித்தளை மட்டும் ஆகாது. செம்பின் சிறு துணுக்குகூட ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதை வேகப்படுத்தும். ஷீட் சில மாதங்களில் பிசுபிசுக்கும். பழைய பித்தளைச் செம்பை அளவுக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சொட்டு நின்றதும் பாலை எடுத்து, காலை 11 மணிக்குள் ஷீட் புரைக்கு (ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு) கொண்டுவர முயலுங்கள். தூரமான தோட்டம், புழுக்கமான நாள், மழை விட்ட மறுநாள் என்றால் வழியிலேயே கட்டி விழத் தொடங்கும். அதற்கு அமோனியா. 10 சத அமோனியாக் கரைசலில் 1 மி.லி., 1 லிட்டர் பாலுக்குப் போதும். அமோனியா பி.எச்.-ஐ மேலே தள்ளும், பாக்டீரியாவையும் அடக்கும். அமோனியா பிடிக்காதவர்கள் சோடியம் சல்பைட் 0.5 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து 1 லிட்டர் பாலுக்குச் சேர்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன 1 மி.லி. அமோனியாவை அடக்க மட்டும், பாலை உறைய வைக்கும் 85 சத பார்மிக் ஆசிட்டில் கால் மி.லி.க்குச் சற்று மேல் செலவாகும். "கூடவே கொஞ்சம் இருக்கட்டும்" என்று மூன்று மடங்கு அமோனியா விட்டால், சாயங்காலம் வழக்கமான ஆசிட் அளவு பற்றாது, பால் உறையாமல் நிற்கும், ஆசிட் பாட்டில் மீது பழி விழும். பாலாகவே விற்பவர்கள் 1 சதம் வரை அமோனியா சேர்த்த பீப்பாயில் ஊற்றுவார்கள். அந்தப் பாலை ஷீட்டுக்குத் திருப்பக் கூடாது. ஒவ்வொரு லிட்டருக்கும் 25 மி.லி.க்கு மேல் ஆசிட் அமோனியாவோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும்.

பிறகு வடிகட்டல். முதலில் 40 கண் சல்லடை, அடுத்து 60 கண் சல்லடை. பட்டைத்தூள், எறும்பு, இலைத்துண்டு, கட்டி எல்லாம் நின்றுவிடும். அழுத்தித் தேய்த்து வடிக்காதீர்கள். தேய்த்தால் கட்டி நூலாகி ஓட்டை வழியே இறங்கி, நாளை ஷீட்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

தண்ணீர் சேர்க்கும் கணக்கு

இந்த வேலையில் அதிகம் பேர் கைக்கணக்கில் விடும் இடம் இதுதான். ஷீட்டுக்கு ஏற்ற பாலில் ரப்பர் அளவு 12.5 சதம் இருக்க வேண்டும். மரத்துப் பாலில் 30-ஓ 35-ஓ இருக்கும். அதனால் எவ்வளவு தண்ணீர் என்பது அன்றைய பாலைப் பொறுத்தது. வெட்டு அடிக்கடி விழுந்தால் பால் மெலியும். சிரட்டையில் மழைத்தண்ணீர் இறங்கினாலும் மெலியும். இலையுதிர்வுக்காக வெட்டை நிறுத்தி, தளிர் முற்றியபின் மறுபடி தொடங்கும் நாட்களில் கெட்டியாக வரும்.

அளக்க மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவை உண்டு. பாலில் மிதக்கவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். கெட்டிப் பாலில் அது சரியாக மிதக்காது. 1 பங்கு பாலுக்கு 2 பங்கு தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணை 3-ஆல் பெருக்குவது வழக்கம். மேலே மிதக்கும் நுரையை ஊதி ஒதுக்கிவிட்டுப் படியுங்கள்.

மெட்ரோலாக் இல்லையென்றால் ஒரு முறை பொறுமையாக இப்படிச் செய்து பாருங்கள். நன்றாகக் கலக்கிய பாலில் 100 மி.லி. எடுத்து, 200 மி.லி. தண்ணீர் சேர்த்து, கீழே சொல்லும் 1 சத ஆசிட் கரைசலில் 15 மி.லி. விட்டு உறைய வையுங்கள். கட்டியை ரோலரில் இயன்றவரை மெல்லியதாக இழுத்து, கழுவி, அடுப்பு மேல் தொங்கவிட்டு, வெள்ளைப் புள்ளி ஒன்றும் இல்லாமல் ஊடு தெரியும் அளவு காயவிடுங்கள். பிறகு சமையல் தராசில் நிறுங்கள். எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை சதம். 31 கிராம் என்றால் 31 சதம். மாதம் ஒரு தடவை செய்தால் உங்கள் தோட்டத்துப் பாலின் குணம் பிடிபட்டுவிடும்.

தண்ணீர் அளவு வருமாறு. பால் 30 சதம் என்றால் 1 லிட்டருக்கு 1.4 லிட்டர் தண்ணீர். 35 சதம் என்றால் 1.8 லிட்டர். 40 சதம் என்றால் 2.2 லிட்டர். வழி எளிது: பாலின் சதத்தை 12.5-ஆல் வகுத்து, 1-ஐக் கழியுங்கள்.

ஒரு டிஷ்சுக்கு (பாலை ஊற்றி உறைய வைக்கும் தட்டுக்கு) கலந்த பால் 4 லிட்டர். அதில் 500 கிராம் ரப்பர் இருக்கும். காய்ந்தபின் ஷீட் ஒன்று அரை கிலோவை ஒட்டி நிற்கும். கடைக்காரர் எண்ணிக்கையைப் பார்த்தே எடையை ஊகிப்பது இதனால்தான்.

கெட்டியாக விட்டால் என்ன? கட்டி கடினமாகும், நுரைக்குமிழி மேலே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ரோலரில் கை நோகும், தடித்த ஷீட் புகைப்புரையில் நாள் கணக்கில் காயாமல் கிடக்கும். மெலிதாக விட்டால் கட்டி கொழகொழவென்று ரோலரில் கிழியும், ஆசிட்டும் வீண். கிணற்றுத் தண்ணீர் நல்லதுதான். பாத்திரத்தில் செம்மண் நிறக் கறை படியும் இரும்புத் தண்ணீர் என்றால் ஷீட்டின் நிறம் கெடும். வேறு தண்ணீர் பாருங்கள்.

கலந்த பாலை 10 முதல் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். சல்லடைக்குத் தப்பிய மண் அடியில் இறங்கும். டிஷ்சுகளில் ஊற்றும்போது கடைசி ஒரு குவளையை ஊற்றாமல் விட்டு, அதை ஒட்டுப்பாலோடு சேர்த்துவிடுங்கள்.

நிறம் தேவையென்றால் இந்தக் கட்டத்தில் சோடியம் பைசல்பைட். வெட்டிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பது ஒரு நொதியின் வேலை. ரப்பர் கட்டியின் மேல்பக்கம் கருநீலமாகவோ சாம்பலாகவோ மாறுவதும் அதே வகை நொதியால்தான். வாழைக்காயைத் தண்ணீரில் போட்டுக் காற்றை மறைக்கிறோம். இங்கே பைசல்பைட் அந்த வேலையைச் செய்கிறது. 1 கிலோ ரப்பருக்கு 1.2 கிராம், தண்ணீரில் கரைத்து. கூடினால் ஷீட் காய நாளாகும். தேநீர்க் கரண்டியால் குத்துமதிப்பாகப் போடுவதைவிட போடாமல் விடுவது மேல்.

ஆசிட்

கடையில் கிடைப்பது 85 சத பார்மிக் ஆசிட். எறும்பு கடித்த இடத்தில் எரிகிறதே, அதே அமிலம். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதைப் பிரித்தார். எறும்புக்கு லத்தீனில் பார்மிகா; பெயர் அப்படி வந்தது. தென்னந்தோப்பில் முசிறு கடி வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

செய்முறை: 1 லிட்டர் சுத்தமான தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, அதில் 10 மி.லி. ஆசிட்டை ஊற்றிக் கலக்குங்கள். தண்ணீரில் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் கூடவே கூடாது. ஏறக்குறைய 1 சதக் கரைசல் கிடைக்கும். நாளைக் காலை ரோலர் போடுவதென்றால் ஒரு டிஷ்சுக்கு, அதாவது 4 லிட்டருக்கு, இந்தக் கரைசல் 200 மி.லி. ஆசிட் கணக்கில் 2 மி.லி. அன்றே ரோலர் போட வேண்டுமென்றால் 300 மி.லி. வரை போகலாம், 4 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் முறைதான் ஷீட்டுக்கு நல்லது. அவசரமில்லாமல் அன்றைக்கே அடிப்பவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

முழுக் கணக்கு ஒன்று. 10 லிட்டர் பால், 30 சதம். ரப்பர் 3 கிலோ. தண்ணீர் 14 லிட்டர், மொத்தம் 24 லிட்டர், 6 டிஷ். ஆசிட் 12 மி.லி., 1.2 லிட்டர் தண்ணீரில். பைசல்பைட் சேர்த்தால் 3.6 கிராம். காலையில் அமோனியா 10 மி.லி. விட்டிருந்தால் ஆசிட்டில் இன்னொரு 3 மி.லி. கூட்டுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி ஷீட் புரைச் சுவரில் ஒட்டி வைத்தால் வேலைக்கு வருபவர் மாறினாலும் அளவு மாறாது.

ஊற்றும்போது ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக விட்டு, அலுமினியத் தட்டாலோ கைப்பலகையாலோ மெதுவாக நாலைந்து முறை கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் நுரை. எழும் நுரையை உடனே வழித்து எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் நாளை அது ஷீட்டுக்குள் குமிழி. டிஷ்சை ஆட்டாமல், தூசி விழாதபடி மூடி வையுங்கள்.

சல்பூரிக் ஆசிட் மலிவு என்று யாராவது சொல்வார்கள். பேட்டரி ஆசிட்டை ஊற்றுபவர்களும் உண்டு. பார்மிக் ஆசிட்டில் மிச்சம் இருந்தால் கழுவும்போதும் காயும்போதும் போய்விடும். சல்பூரிக் ஆவியாகாது, ஷீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் ஷீட் பளிச்சென்று தெரிவதில் ஏமாற வேண்டாம். இன்னொன்று: செறிந்த சல்பூரிக்கும் செறிந்த பார்மிக்கும் ஒன்று சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். நிறமில்லை, வாடையில்லை, ஆளைக் கொல்லும். ஒரே பாத்திரத்தில், ஒரே அளவுக்குழாயில் இரண்டையும் தொடவே கூடாது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பார்மிக் ஆசிட்டைச் சோடா பாட்டிலிலோ, குடிதண்ணீர் பாட்டிலிலோ, மதுப் பாட்டிலிலோ வாங்கி வைப்பது ரப்பர் ஊர்களின் கெட்ட பழக்கம். தண்ணீர்போலத் தெரியும். தவறிக் குடித்து உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வந்த கேனிலேயே வைத்து, பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது தொண்டையைச் சுட்ட ஆசிட் வரும்போது மறுபடி சுடும். நேரே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதைவிட அருகில் அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கையுறையும் கண்ணாடியும் பெரிய செலவில்லை.

மறுநாள் காலை: டிஷ் சொல்லும் சேதி

கட்டியின் ஓரத்தை விரலால் அமுக்கி, கசியும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக, லேசான மஞ்சளாக இருந்தால் ஆசிட் சரி. பால் நிறத்தில் கலங்கியிருந்தால் ஆசிட் குறைவு. அந்த வெள்ளை முழுக்க உறையாத ரப்பர், உங்கள் பணம் சாக்கடைக்குப் போகிறது. பி.எச். காகிதம் ஒரு கட்டு வாங்கி வைத்தால் இன்னும் தெளிவு: 4.5 முதல் 5-க்குள் இருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்திருந்தும் பி.எச். 4-க்குக் கீழே என்றால் ஆசிட் கூடிவிட்டது. கட்டி முரடாகும், நன்றாகக் கழுவாவிட்டால் ஷீட் காயத் தாமதமாகும், நாள்பட வலுவும் குறையும்.

ராத்திரி முழுக்க, 12 முதல் 16 மணி நேரம் கிடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று ஒன்றரை நாள் விட்டுவிட்டால் மேல்பக்கம் வழுவழுப்பாகி, நாற்றமெடுத்து, பாக்டீரியா கிளப்பிய வாயு உள்ளே குமிழியாக நிற்கும். அப்படிப் போகும் நாளில் பாலை ஷீட்டாக்காமல் பாலாகவே விற்றுவிடுவது புத்திசாலித்தனம்.

ரோலர்

கட்டியை மேசையில் போட்டுக் கையாலோ உருட்டுக்கட்டையாலோ அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, பிறகு பிளைன் ரோலரில் 3 அல்லது 4 தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரே தடவையில் இறுக்கினால் ஓரம் கிழியும், நடு தடிப்பாகவே நிற்கும். கடைசியில் வரி ரோலரில் ஒரு தடவை. அந்த வரிகள் அழகுக்கு இல்லை. காற்றுப் படும் பரப்பைக் கூட்டுகின்றன, ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. முடிவில் தடிப்பு 3 மி.மீ. ரோலர் ஓடும்போது மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கட்டும். துப்பட்டா, வளையல், தொங்கும் கைத்துண்டு எதுவும் ரோலர் பக்கம் வரக் கூடாது. மோட்டார் ரோலர் என்றால் இரண்டு மடங்கு கவனம்.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவல். புரதமும் சர்க்கரையும் கலந்த கட்டித் தண்ணீர் ஷீட்டின் மேல் காய்ந்தால், பின்னால் ஷீட்டை இழுக்கும்போது துருப்போலப் பழுப்புத் தூள் உதிரும். கடைக்காரர்கள் இதைப் பார்த்த உடனே தரத்தைக் குறைத்துவிடுவார்கள். கழுவிய தண்ணீர் வழவழப்பு இல்லாமல் போகும்வரை கழுவுங்கள்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆக வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். அந்த மாதங்களில் பூஞ்சணத்துக்கு, பாரா நைட்ரோ பீனால் 0.1 சதக் கரைசலில் (1 லிட்டருக்கு 1 கிராம்) ஷீட்டை 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து எடுக்கலாம். நச்சுப் பொருள், கை மஞ்சளாகும். கையுறை கட்டாயம், மிச்சக் கரைசலைக் கிணற்றுப் பக்கம் ஊற்றவே கூடாது. புகைப்புரை நன்றாக ஓடும் வீட்டில் இது பெரும்பாலும் தேவைப்படாது.

நிழலும் புகையும்

கழுவிய ஷீட்டை நிழலில் 2 முதல் 4 மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீர் சொட்டி முடியவிடுங்கள். மூங்கில் கழியோ, சீவிய கமுகு வாரியோ போதும்; கழிபட்ட இடத்தில் தடம் விழாமலிருக்க அடிக்கடி இடம் மாற்றுங்கள். முற்றத்தில் நாள் முழுக்க வெயிலில் போடுவது ஊர் வழக்கம்தான், ஆனால் நல்ல வழக்கம் இல்லை. வெயிலின் புற ஊதாக்கதிரும் காற்றும் சேர்ந்து ரப்பரின் நீண்ட சங்கிலியை அறுக்கும். மேல்பக்கம் ஒட்டும் பிசினாகும். பழைய ரப்பர் வளையம் சன்னலோரம் கிடந்து பிசுபிசுத்துப் பிறகு வெடித்துப்போவதும் இதேதான்.

புகைப்புரையில் 4 நாள். முதல் நாள் 40 முதல் 45 டிகிரி. ஷீட்டில் அன்றைக்குத் தண்ணீர் அதிகம். எடுத்த எடுப்பிலேயே சூட்டைக் கூட்டினால் வெளிப்பக்கம் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் கொப்புளமாகும். இரண்டாம் நாள் 50, பிறகு 55, கடைசி நாள் 60. அதற்கு மேல் போகாதீர்கள். முதல் நாள் மேல் துவாரங்களை நன்றாகத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றி, பிறகு படிப்படியாக மூடலாம். 100 டிகிரி காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றைக் கதவோரம் தொங்கவிடுங்கள். கையை வைத்து "சூடு போதும்" என்று சொல்வது தோசைக்கல்லுக்குச் சரி.

விறகுக்குப் பழைய ரப்பர் மரமே சிறந்தது. கதம்பையும் (தேங்காய் உரிமட்டை) சிரட்டையும் சேர்த்தால் சுவாலை அடங்கிப் புகை கூடும். புகையில் பீனால் வகைப் பொருட்கள் உண்டு. அவை ஷீட்டின் மேல் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. அடுப்பு மேல் பரணில் தொங்கிய பொருள் பல நாள் கெடாமலிருந்த பழைய சமையல் புரையும் இதே தத்துவம்தான். பலர் இன்றும் ஷீட்டை அடுப்படியில் தொங்கவிடுகிறார்கள். நாலைந்து ஷீட்டுக்கு அது போதும். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் தரம் இறங்கும் என்பதை மட்டும் தெரிந்து செய்யுங்கள். நெருப்புக்கும் கடைசி வரிசை ஷீட்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு இருக்க வேண்டும். ஒரு ஷீட் கழன்று தணலில் விழுந்தால் புகைப்புரை முழுக்கப் போய்விடும். ரப்பர் எரிந்தால் தண்ணீருக்கு எளிதில் அடங்காது.

காய்ந்ததா என்று பார்க்க ஷீட்டின் தடித்த ஓரத்தைக் கத்தரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தேன் நிறத்தில் ஊடு தெரிந்தால் காய்ந்தது. வெள்ளைப் புள்ளியோ கோடோ இருந்தால் அங்கே இன்னும் தண்ணீர். அப்படியே அடுக்கினால் ஒரு வாரத்தில் பூஞ்சணம்.

கெட்ட ஷீட்டை எடுத்துவந்து காட்டினால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகள்

குமிழி முழுக்கப் பரவியிருந்தால்: நுரையை வழித்தீர்களா, கட்டியை எத்தனை மணி நேரம் கிடக்கவிட்டீர்கள்? குமிழி ஒரு பக்கம் மட்டும், பெரிதாக என்றால் புகைப்புரையில் அந்தப் பக்கம் சூடு கூடிவிட்டது. ஷீட் ரோலரில் கிழிந்தால் தண்ணீர் கூடியிருக்கும், இல்லையென்றால் ஆசிட் குறைந்திருக்கும். டிஷ்சுத் தண்ணீரின் நிறம் எது என்று காட்டிக்கொடுக்கும். ஒரே டிஷ்சில் ஒரு பாதி கெட்டி, மறுபாதி கொழகொழப்பு என்றால் ஆசிட்டை ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறீர்கள். கறுப்பு நிறம் பற்றி முன்பே சொன்னோம். பிசுபிசுப்புக்கு மூன்று காரணம்: வெயில், 60-ஐத் தாண்டிய சூடு, செம்பு. முதல் இரண்டும் இல்லையென்றால் உங்கள் பாத்திரங்களைத் தேடிப் பாருங்கள்.

மணல் இருந்தால் சல்லடை ஓட்டையாகியிருக்கும். அதற்குப் பெரிய வேதியியல் ஒன்றும் இல்லை.

ஷீட்டுக்குப் பிறகு என்ன ஆகிறது

நீங்கள் விற்கும் ஷீட் இன்னும் கச்சாப் பொருள்தான். வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி பென்சில் எழுத்தை அழிக்க இது உதவுவதைக் குறிப்பிட்டார். தேய்த்து அழிப்பது என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்தே ரப்பர் என்ற பெயர் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழிப்பானை "ரப்பர்" என்று சொல்வது இந்த வகையில் மிகச் சரி. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது சங்கிலிகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் விழுந்தன. இழுத்தால் நீண்டு விட்டால் பழைய நிலைக்கே திரும்பும் பொருளாக அது மாறியது. தெருக் கிரிக்கெட் பந்து, ஹவாய் செருப்பு, பேருந்தின் டயர் எல்லாம் அந்தப் பாலங்களில் நிற்கின்றன. பால் நிலையிலேயே போவது கையுறை, பலூன் செய்யும் இடங்களுக்கு. ஷீட் பெரும்பாலும் டயருக்கு. டயருக்குள் ஒரு மணல் பருக்கு, ஒரு ஈரப்பொட்டு இருந்தால் அந்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். ஓரத்தை அறுத்து வெளிச்சத்தில் பார்க்கும் கடைக்காரரின் பிடிவாதம் அங்கிருந்து வருகிறது.

கழிவுத் தண்ணீர்

டிஷ்சில் மிஞ்சும் தண்ணீர் புளிப்பானது. புரதமும் சர்க்கரையும் கொண்டது. அதை ஓடையிலோ கால்வாயிலோ விட்டால் பாக்டீரியா அதைத் தின்னும் வேகத்தில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மீன் சாகும், ஊரே நாறும். கிணற்றிலிருந்து தள்ளி, பள்ளமான இடத்தில் குழி வெட்டி அதில் விடுங்கள். வாரம் ஒரு தடவை நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் புளிப்பும் நாற்றமும் அடங்கும். பி.எச். காகிதம் 7-ஐ ஒட்டிக் காட்டினால் சுண்ணாம்பு போதும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் அதே சுண்ணாம்புதான். அங்கே முன்கூட்டியே தடுக்கிறது, இங்கே பின்னால் வந்து அடக்குகிறது.

கடைக்குக் கொண்டுபோகும் நாள்

ஷீட்டின் தரம் ஆர்.எஸ்.எஸ். (வரி போட்டுப் புகையில் காய்ந்த ஷீட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 1 முதல் 5 வரை. எந்திரம் எதுவும் வைத்துப் பார்ப்பதில்லை, கண்ணால் பார்த்துத்தான். கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் தினமும் அறிவிக்கும் விலைகளில் ஆர்.எஸ்.எஸ். 4 விலையைத்தான் பத்திரிகையில் எல்லாரும் தேடுகிறார்கள். சிறு விவசாயியின் ஷீட்டும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும். போகுமுன் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். நல்ல ஷீட், நிறம் குறைந்தது, ஓரம் காயாதது என மூன்றாக வீட்டிலேயே பிரித்து, தனித்தனிக் கட்டாகக் கட்டுங்கள். கலந்து கொண்டுபோனால் மொத்தத்துக்கும் கடைசி ஷீட்டின் விலைதான் பேசப்படும். காயாத ஷீட்டின் ஓரத்தை வெட்டி எடுத்து ஒட்டுப்பால் பையில் போட்டுவிட்டு, மீதியை இன்னும் ஒரு நாள் புகைப்புரையில் தொங்கவிடுங்கள். ஒட்டுப்பாலை ஷீட் கட்டோடு ஒரே சாக்கில் போடாதீர்கள். அதன் ஈரமும் பூஞ்சணமும் பேருந்தில் மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் ஷீட்டுக்கு ஒட்டிவிடும்.